காப்புக் கட்டாத பதினொருவர்

மாமாவைத் தொலைக்காட்சியில் பேட்டி காண்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். பயிற்றுநராக உங்கள் வாழ்க்கை எங்கே ஆரம்பித்தது? மாமாவும் அலுக்காமல், கொழும்பில் முடித்த பயிற்சிநெறி, வாங்கிய சான்றிதழ்கள், மாலைதீவுக் கழகமொன்றில் இருந்த காலம் என்று கோவையாகச் சொல்லிக்கொண்டு போவார். எனக்குச் சிரிப்புத்தான் வரும். அது ஆரம்பித்தது லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில். அப்போது எனக்கு எட்டு வயது. பக்கத்தில் நின்று முழுவதையும் பார்த்தேன். ஆனால் பேட்டி காண்கிறவர்கள் என்னைக் கேட்பதில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு கால்பந்துக் கழகத்துக்கு விளையாடிக்கொண்டிருந்தவர், முழங்கால் சவ்வு கிழிந்து, எங்கள் லயத்து வீட்டுக்கே திரும்பி வந்திருந்தார். வந்தவர் சும்மா கிடக்கவில்லை. பந்து தவறினால் தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டிய எங்கள் சரிவான மைதானத்தில் தோட்டத்து இளைஞர்களைச் சேர்த்துப் பழக்கினார். அடுத்த வருஷமே தலவாக்கலையில் நடந்த சுற்றுப்போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கொழும்புக் கழகத்திலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. சிறுவர் அணியைப் பழக்க அவர்கள் ஆள் தேடினார்கள். மாமாவின் வேலை பிடித்திருந்தால் சம்பளத்தோடு எடுத்துக்கொள்வார்கள்.

தோட்டம் முழுக்க இதே பேச்சு. எனக்கு மட்டும் அது துளியும் பிடிக்கவில்லை. மாமா போய்விட்டால் மழை நாளில் என்னைத் தோளில் தூக்கிவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோவது யார்? ஜெயித்தால்தான் வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆகவே, நாம் தோற்க வேண்டும் என்று மாரியம்மனிடம் தனியாக ஒரு விண்ணப்பம் போட்டு வைத்தேன்.

ஆட்டத்தன்று பேய்மழை. மைதானம் குளமாகிவிட்டதால் ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். புதிய நாளைக் கேட்டு வர மாமா டவுனுக்குப் போன அன்று எங்கள் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. இனி ஆட்டம் திருவிழாவுக்குப் பிறகுதான் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சை நம்பி, கோப்பை கிடைக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு, அணியின் பதினொரு பேரும் வரிசையாகக் கைநீட்டி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். அந்தி சாயும் நேரத்தில் மாமா வந்து சேர்ந்தார். ஆட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமையே என்றார்.

காப்புக் கட்டியவர் தீமிதிப்பு முடியும் வரை எல்லைப் பாலத்தைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். தலவாக்கலையோ பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

பதினொரு மஞ்சள் கயிறுகளையும் மாமா மாறி மாறிப் பார்த்தார். பிறகு பூசாரியிடம் போய்க் கெஞ்சினார்.

"வெளயாண்ட கையோட வந்துருவோங்க சாமி. ஒரு பொழுதுதானுங்க."

"ஆத்தா எல்லையத் தாண்டுறதுக்கா தம்பி காப்பக் கட்டுனாங்க? தாண்டுனா அப்புறம் எங்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் பூசாரி உள்ளே போய்விட்டார்.

ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடலாம் என்றார்கள் பெரியவர்கள். அணித் தலைவர் பெண்பிள்ளைபோல் விசும்பினார் என்று எழுதினால் என் மகள் சண்டைக்கு வருவாள். ஆகவே, தேம்பித் தேம்பி அழுதார். மாமா திடீரென்று கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"சரி, யாரு யாரு காப்புக் கட்டல? அவுங்க மட்டும் இங்கிட்டு வாங்க."

தயங்கித் தயங்கி வந்தார்கள். சாவு விழுந்த வீட்டுத் தீட்டினால் கட்டாமல் விட்ட அண்ணன் தம்பிகள் மூவர். கீழ்ப் பிரிவிலிருந்து மாதா கோயிலுக்குப் போகிற குடும்பத்துப் பையன்கள். சந்திக்கடை முஸ்லிம் முதலாளியின் மகன். அந்தக் கடைக்குத் தினமும் மரக்கறி கொண்டுவருகிற, கிராமத்துச் சிங்கள இளைஞன். பயிற்சிக்கு ஒருநாள் எட்டிப் பார்த்தவரின் பெயரைக்கூட மாமா அணிப் பட்டியலில் சேர்த்துப் போட்டி நடத்துகிறவர்களிடம் கொடுத்து வைப்பார். அதற்காக அவரைக் கேலி செய்தவர்களுக்கு அன்றுதான் அதன் பயன் புரிந்தது. கடைசி ஆளாக வந்தவர் என் அப்பா. அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்ததால் அப்பாவும் அந்த வருஷம் காப்புக் கட்டவில்லை.

"டேய் மாப்ள, நான் பந்தத் தொட்டு எம்புட்டு வருஷமாச்சுன்னு தெரியுமா?" என்றார் அப்பா.

"நீங்க தொட வேணாம் மச்சான். கோலுக்கு முன்னுக்கு நில்லுங்க, அது வந்து ஒங்களத் தொடும்."

ஞாயிற்றுக்கிழமை, காப்புக் கட்டிய பதினொரு பேரும் எல்லைப் பாலம் வரை வந்து எங்களை வழியனுப்பினார்கள். ஒரு கால்கூட அந்தப் பக்கம் வைக்கவில்லை. தோட்டமே காப்புக்குள் இருந்ததால் ஆட்டம் பார்க்க வந்தவர்களும் குறைவு. முதலாளியின் வேனில் நானும் சில பிள்ளைகளும் போனோம்.

முதல் பாதியைப் பற்றி அதிகம் சொல்வது அப்பாவுக்கு மரியாதையில்லை. பந்து அவரைத் தொடாமலே இரண்டு முறை வலைக்குள் போனது. எதிரணிக்காரர்கள் சிரித்தார்கள். என் விண்ணப்பம் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குப் பெரும் நிம்மதி.

இடைவேளையில் மாமா சத்தம் போடவில்லை. மூலைக்கு ஒருவராக நின்ற கடைக்காரர் மகனையும் மரக்கறி இளைஞனையும் இடது பக்கம் சேர்த்து நிறுத்தினார். தினமும் விலை பேசிச் சண்டை பிடிக்கிற இருவருக்கும் அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்பது பார்வையிலேயே தெரியும். தீட்டு வீட்டு அண்ணன் தம்பிகளை அப்பாவுக்கு முன்னால் நெருக்கமாக நிற்கவைத்து, ஆளுக்கொரு பக்கம் ஓடாதீர்கள் என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததை என்னால் நம்ப முடியவில்லை. எதிரணியின் பந்து அப்பாவிடம் வரவே இல்லை. இடது பக்கத்து இருவரும் சிங்களத்தில் கத்திக் கத்திப் பந்தைக் கொண்டுபோய் ஒரு கோல் போட்டார்கள். அப்புறம் எங்கள் ஆட்கள் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது என் உயிர் போய் வந்தது. இரண்டுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. நாங்கள் தோற்றோம்.

தொப்பி போட்ட கொழும்புக்காரர் இறங்கிவந்து, மாமாவின் தோளில் கைபோட்டுச் சிங்களத்தில் வெகுநேரம் பேசினார். எனக்கு அந்த மொழி அப்போது தெரியாது. ஆறுதல் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மாமா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். தோற்றவர் சிரிக்கிறாரே, பாவம் என்று நினைத்தேன்.

அணியினர் பஸ்ஸில் வர, பிள்ளைகள் வேனில் முன்னதாக வந்துவிட்டோம். பாலத்தில் காத்திருந்த பதினொரு பேரிடமும் "தோத்துட்டோம்!" என்று குதித்துக்கொண்டே சொன்னேன். அவர்கள் விழித்த விழியை இன்றும் மறக்க முடியாது. நிற்காமல் லயத்துக்கு ஓடினேன்.

அம்மா அப்போதுதான் போனில் பேசி வைத்துவிட்டு நின்றார். கண்கள் கலங்கியிருந்தன. தோற்ற செய்தி எனக்கு முன்பே வந்துவிட்டது போலும். "அழாதீங்கம்மா, மாமா இனி எங்கயும் போக மாட்டாரு" என்றேன். அம்மா என்னைச் சேர்த்து அணைத்து முத்தமிட்டார். பிறகு கொடியில் கிடந்த மாமாவின் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினார். எங்கள் வீட்டில் அலுமாரி கிடையாது, எல்லோருடைய துணியும் பையில்தான் இருக்கும். அதனால் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அவ்வளவு சந்தோஷத்தோடு வாழ்க்கையில் வேறெந்த வீட்டு வேலையும் நான் செய்ததில்லை. சட்டைகளை எட்டி எட்டி எடுத்துக் கொடுத்தேன், அம்மா பைக்குள் அடுக்கினார். மாமாவின் தடித்த ஸ்வெட்டரையும் எடுத்து நீட்டினேன். அதை மட்டும் அம்மா வாங்கவில்லை.

"அது வேணாம் பாப்பா. அது இங்கயே கெடக்கட்டும்" என்றார்.

ஏன் என்று கேட்கவில்லை, நானே அதைப் போட்டுக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கொழும்பில் குளிராது என்று எனக்கு அப்போது தெரியாது.