ஆள் ஏற்றி எப்.சி. காட்டிய ஜீப்

எங்கள் ஜீப் பட்டாளத்தில் ஏலம் விட்டு வெளியே வந்தது. எந்தச் சண்டைக்குப் போயிருந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்பாவைக் கேட்டால் எல்லாச் சண்டைக்கும் போய் வந்ததாகச் சொல்வார். பல கைகள் மாறி, காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டு வாசலுக்கு அது வந்து சேர்ந்தபோது அதற்கு அப்பாவின் வயது இருக்கும். கதவு கிடையாது. மழை பெய்தால் வெளியே இருப்பவர்களைவிட உள்ளே இருப்பவர்கள் அதிகம் நனைவார்கள். ஆனாலும் ஏற்றம் என்று வந்துவிட்டால் அதற்கு ஈடு கிடையாது. புது வண்டிகள் மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில் அது உறுமிக்கொண்டே ஏறிப் போய்விடும்.

அந்த ஜீப்பில்தான் எங்கள் தெருப் பெண்கள் கம்பம்மெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனார்கள். விடியும்போது தூக்குவாளியோடு ஏறி, காய் பறித்துவிட்டுப் பொழுது சாய இறங்குவார்கள். அம்மாவும் அதில்தான் போனாள். ஆள் சேர்ப்பது அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. யாரை ஏற்றுவது என்று அவள்தான் முடிவு செய்வாள், யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. அப்பா ஓட்டுவதோடு சரி. மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, சாயங்காலம் வரை அங்கேயே மரத்தடியில் தூங்கிவிட்டு, அவர்களையே ஏற்றிக்கொண்டு வருவார்.

ஆள் கூடக் கூட ஜீப்பின் பின்பக்கம் தரையைத் தொடப் பார்த்தது. அப்பா சும்மா இருப்பாரா? ஒரு வருடம் எப்.சி. வாங்கிய கையோடு, பின்னால் ஸ்பிரிங்கில் கூடுதலாக இரும்புப் பட்டைகளைச் சேர்த்துக் கட்டினார். பின்பக்கம் பாரம் ஏறினால் முன்விளக்கு மரத்து உச்சியைப் பார்க்கிறது என்று விளக்கைக் கீழே இறக்கி வைத்தார். பாரத்தோடு நிற்க வேண்டும் என்று பின்சக்கரத்து பிரேக்கை முறுக்கி வைத்தார். அதன் பிறகு ஆளோடு போனால் ஜீப் அவ்வளவு அழகாக இருந்தது. ஆள் இல்லாமல் அதை ஓட்டிப் பார்க்க அப்பாவுக்கு ஒரு நாளும் வேளை வரவில்லை.

அதற்கு அடுத்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. ஏலக்காய் பறிப்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் எப்.சி. காட்ட வேண்டி வந்தது. வருடா வருடம் வண்டியைத் தேனிக்குக் கொண்டுபோய், ஓடத் தகுதியானதுதான் என்று காட்டினால்தான் எப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடைக்கும். சோதனை செய்கிற அதிகாரியை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். அவர் விளக்கு, ஹாரன், டயர் எல்லாம்தான் பார்ப்பார், ஆனாலும் பெயர் அதுதான். அப்பா ஜீப்புக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். அம்மா எலுமிச்சம்பழம் கட்டினாள். பள்ளிக்கூடத்தில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரிதான் போனோம்.

மைதானத்தில் இன்ஸ்பெக்டர் விளக்கைப் போடச் சொன்னார். அப்பா போட்டார். வெளிச்சம் எங்கே என்று தேடினால், ஜீப்பின் மூக்குக்கு அடியில் கிடந்தது. ஓட்டிக் காட்டி, கையைத் தூக்கியதும் பிரேக் பிடிக்கச் சொன்னார். அப்பா வழக்கமாக மிதிக்கிற மிதி மிதித்தார். பின்சக்கரம் இரண்டும் அப்படியே இறுகி, ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு குறுக்கே திரும்பி, வந்த வழியையே பார்த்து நின்றது. இன்ஸ்பெக்டர் நகர்ந்து நின்றுகொண்டார். “வீட்டுக்குப் போற வழிய அதுக்கே தெரியுது. கொண்டு போங்க, சரி பண்ணிட்டு வாங்க” என்றார்.

வரும் வழியெல்லாம் அப்பா பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ஓட்டினார். எஸ்டேட் கங்காணி ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். பறிப்பு தொடங்கும் அன்றைக்கு எப்.சி. உள்ள வண்டி நிற்க வேண்டும், இல்லையென்றால் கம்பத்திலிருந்து வேறு ஜீப்பைப் பேசிவிடுவாராம். ஒரு பறிப்பு கை விட்டுப் போனால் அந்த நடை திரும்பக் கிடைக்காது. அந்த ஜீப்பைத் தவிர எங்களுக்கு வேறு பிழைப்பும் கிடையாது. எனக்கு இன்ஸ்பெக்டர் மீது வந்த கோபத்துக்கு, அவர் சைக்கிளில் வருபவராக இருந்தால் காற்றைப் பிடுங்கி விட்டிருப்பேன்.

வீட்டில் அப்பா பெரியம்மாவிடம் நியாயம் கேட்டார்.

“வண்டில ஒரு குத்தமும் இல்ல மதினி. வெறும் வண்டிய ஓட்டச் சொன்னாக, அது துள்ளுது. நீங்க எல்லாம் ஏறி உக்காந்தா இது இப்பிடியா நிக்கும்?”

“அம்புட்டுத்தான? அப்ப நாங்க வந்து உக்காந்துட்டுப் போறோம். வம்பு எதுக்கு?” என்றாள் பெரியம்மா.

யாருக்கும் இதில் ஒரு தப்பும் தெரியவில்லை என்பதுதான் இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை ஒரு தெருவே கூடி, தலையில் பூ வைத்துக்கொண்டு செய்தது. மறுபடி காட்டும் நாளில் பெண்கள் எல்லோரும் துவைத்த சேலை கட்டி வந்து, எஸ்டேட்டுக்குப் போகிற மாதிரியே நெருக்கியடித்து ஏறினார்கள். சிலர் பழக்க தோஷத்தில் தூக்குவாளியும் எடுத்து வந்திருந்தார்கள். எனக்கு அன்றைக்கும் காய்ச்சல் வந்தது. அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டேன்.

சின்னமனூர் தாண்டித் தேனி வரும்வரை ஒரே சிரிப்பும் பேச்சும்தான். மைதானத்தில் அப்பா கம்பீரமாக ஓட்டினார். இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். அப்பா பிரேக் மிதித்தார். ஜீப் நூல் பிடித்தது போல நேராக நின்றது. விளக்கும் சரியாக எதிர்ச் சுவரில் விழுந்தது. அப்பா திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தார். எப்.சி. வாங்கிவிட்டோம் என்றே நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் எல்லோரையும் இறங்கச் சொன்னார். இறங்கினோம். இறங்கினோம், இறங்கிக்கொண்டே இருந்தோம். டீக்கடையில் நின்றவர்கள் கிளாசோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

“தினமும் இத்தனை பேரா மலைக்குப் போறீங்க?” என்றார் அவர்.

பெரியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “ஆமாங்கய்யா. இன்னைக்கு ரெண்டு பேரு வரல, மேலுக்குச் சொகமில்ல.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்து அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கத்தவில்லை. அந்த இடத்திலேயே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கலாம், அதையும் செய்யவில்லை. அப்பாவைக் கீழே இறக்கிவிட்டுத் தானே ஏறி, நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு கையாலும் முக்கித்தான் திருப்ப முடிந்தது. பிறகு பெண்களை மறுபடி பின்னால் ஏறி உட்காரச் சொன்னார். இப்போது ஒற்றைக் கையால் திருப்பினார். திரும்பியது.

“பின்னாடி பாரம் ஏற ஏற முன்சக்கரம் தரையில ஒட்டல. சம தரையிலயே இப்படி. மலையில ஏறும்போது வளைவுல எதை நம்பித் திருப்புறீங்க?” என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

அப்பா முகம் என்னவோ போல ஆகிவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியம்மாவும் மற்றவர்களும் ஏறினால் அப்பாவுக்கு ஸ்டீயரிங் திருப்புவது சுலபமாகிறது, அது நல்லதுதானே என்று நினைத்தேன். அதை அம்மாவிடம் சொல்லவும் செய்தேன். அம்மா என் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

“சேர்த்த பட்டையை எடுத்துருங்க. எவ்வளவு பேருக்கு வண்டியோ அவ்வளவு பேரை ஏத்துங்க. அப்புறம் வாங்க” என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். முக்கால்வாசிப் பேர் பஸ்ஸில்தான் ஊர் திரும்பினோம். பஸ்ஸில் ஒருத்தி அவரைத் திட்டத் தொடங்கினாள். யாரும் கூடச் சேரவில்லை, அவளும் பாதியில் நிறுத்திவிட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் அப்பா ஜீப்பைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டையைக் கழற்றுவது பெரிய வேலையில்லை. பட்டையைக் கழற்றினால் பாதிப் பேரை இறக்கிவிட வேண்டும். எந்தப் பாதியை? எல்லாம் ஒரே தெரு, எல்லாம் முறை வைத்துக் கூப்பிடுகிற வீடு. நாளைக்கு நீ வராதே என்று யார் வாசலில் போய் நிற்பது? வேறு ஜீப் வந்தாலும் அதுவும் இத்தனை பேரைத்தான் அடைத்துக்கொண்டு போகும் என்பது அவருக்கு இன்னும் பெரிய வேதனையாக இருந்திருக்க வேண்டும்.

வழி சொன்னது அம்மா. அவள் அதைச் சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டே சொன்னாள்.

“வாய்க்கா தண்ணி கொறஞ்சா என்ன பண்ணுறோம்? முறை வச்சுத்தான பாய்ச்சுறோம்? அதேதான். ரெண்டு நடை போங்க. இந்த வாரம் முத நடை போறவுக அடுத்த வாரம் ரெண்டாம் நடை.”

“எல்லாரும் ஒண்ணாப்புல வரணும்னு கங்காணி நிப்பாரே” என்றார் அப்பா.

அதைப் பெரியம்மா பார்த்துக்கொண்டாள். கங்காணி ஊருக்கு வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் முடியவே முடியாது என்றார், வேறு ஜீப் பேசப் போவதாகச் சொன்னார். பெரியம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னாள்.

“நல்லாப் பேசுங்க. ஜீப்பு எங்கனயும் கெடைக்கும். காய் பறிக்க ஆளு எங்கன கெடைக்கும்? நாங்க இந்த வண்டிலதான் வருவோம், ரெண்டு நடையாத்தான் வருவோம். பிந்தி வந்தவுக பிந்தி எறங்குறோம், ஒமக்கு வேலை கொறையாது.”

கங்காணி வானத்தைப் பார்த்தார். பறிப்பு நேரத்தில் ஆளைப் பகைத்துக்கொள்ள அவருக்கு என்ன பைத்தியமா? ஒரு வாரம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த ஒரு வாரம் பல வருடம் ஓடியது.

அப்பா பட்டையைக் கழற்றினார், பிரேக்கைத் தளர்த்தினார், விளக்கைத் தூக்கினார். கழற்றிய கையோடு வெறும் வண்டியை ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். மூன்றாம் தடவை தேனிக்கு அவர் தனியாகத்தான் போனார். எனக்குக் காய்ச்சல் வர அம்மா விடவில்லை. மத்தியானமே எப்.சி.யோடும் ஒரு பொட்டலம் அல்வாவோடும் திரும்பிவிட்டார். பெரியம்மா வாசலில் சூடம் ஏற்றி ஜீப்பைச் சுற்றினாள். அவ்வளவு சந்தோசமாக அப்பாவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பறிப்பு தொடங்கிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்கு இரண்டாம் நடை. என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நன்றாக விடிந்திருந்தது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அந்த ஜீப்பில் யார் மடியிலும் இல்லாமல் எனக்கென்று ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழே திராட்சைப் பந்தல்கள் பச்சையாக விரிந்து கிடந்தன. பெண்கள் யாரோ வீட்டுச் சம்பந்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜீப் ஏறி, அந்தப் பெரிய வளைவை நெருங்கியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த மலைப்பாதையில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். அந்த வளைவு வந்ததும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எல்லோரும் சேர்ந்து குலவை போடுவார்கள். முன்னால் நான் போன ஒவ்வொரு தடவையும் போட்டார்கள். அம்மா என்னை மூச்சு முட்ட இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் காதுக்குப் பக்கத்திலேயே போடுவாள். மலையே அதிரும்.

அன்றைக்கு ஜீப் வளைவில் நிதானமாகத் திரும்பியது. திரும்பி மேலேயும் ஏறிவிட்டது. பேச்சு நிற்கவில்லை. ஒருத்தி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். யாரும் குலவை போடவில்லை.

“ஏம்மா குலவை போடல?” என்று கேட்டேன்.

அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா வெளியே பார்த்துக்கொண்டாள்.

“இனிமே எதுக்குடி ஆத்தா?” என்றாள் அம்மா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்களிடமிருந்து இதையும் அந்த இன்ஸ்பெக்டர்தான் பிடுங்கிக்கொண்டார் என்று அவரை மனதுக்குள் திட்டினேன். சாமி வரும்போதும் நாற்று நடும்போதும் போடுகிற குலவையை ஒரு வெறும் வளைவில் எதற்குப் போட்டார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் விட்டால் விடட்டும் என்று, அடுத்த வளைவில் நான் ஒருத்தியாகவே நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார். அவருக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் சத்தமாகப் போட்டேன்.