ஆறு நாள் குளிசை

எழுபதுகளின் கடைசியில் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு விலங்கியல் ஆசிரியையாக மாற்றலாகி வந்தேன். ஊரில் ஒருவரையும் தெரியாது. பின்னேரங்களில் அறைக்குள் இருந்தால் கப்பல் ஊதுகிற சத்தம் கேட்கும், நெஞ்சு கனக்கும். பல நாள்களில் அது ஒன்றுதான் எனக்குப் பேச்சுத்துணை.

இரண்டாம் வருடம் உடம்பு ஊதத் தொடங்கியது. எந்நேரமும் நித்திரை. தலைமயிர் கொத்தாகக் கொட்டியது. காரணமில்லாமல் அழுகை வரும். தனிமைதான் என்னைத் தின்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அறை தந்த வீட்டுக்கார அம்மாதான் ஒருநாள் மறித்துக் கேட்டார்.

"டீச்சர், இந்தப் பங்குனி வெயிலுக்கை ஆரும் சுவெற்றர் போடுவினமோ? ஒருக்கா ஆசுபத்திரிக்குப் போட்டு வாங்கோ."

டொக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். தைரொட்சின் சுரப்பு போதாதாம், நாளுக்கு ஒரு குளிசை. ஆறு நாள் விழுங்கினேன், ஒரு மாற்றமும் இல்லை. ஏழாம் நாள் குளிசைப் போத்தலை அலுமாரிக்கு மேல் வீசிவிட்டு, வேலையை விடுவதாகக் கடிதம் எழுதினேன். இது குளிசைக்கு அடங்குகிற நோயில்லை என்பது என் தீர்ப்பு.

கடிதம் கைப்பையில் இருந்தது. இடைவேளைக்குப் பள்ளிக்கூட அதிபரிடம் கொடுக்கலாம் என்ற நினைப்போடு உயர்தர வகுப்புக்குப் போனேன். அன்றைய பாடம் ஓமோன்கள். அதிரினலின், இன்சுலின் போன்றவை உடம்பின் உயிர்க்கலத்துக்குள் நுழைவதில்லை. வெளிச்சவ்வில் தமக்கென்று உள்ள, சேதி வாங்குகிற வாங்கியில் போய் ஒட்டும், வாசலில் நின்று கதவைத் தட்டுகிற ஆளைப் போல. உள்ளே வேறொரு பொருள் அந்தச் சேதியைக் காவிக்கொண்டு ஓடும், காரியம் சட்டென்று நடக்கும். தைரொட்சின் அப்படியல்ல. கலத்துக்குள் புகுந்து, அதன் நடுவிலுள்ள கருவுக்கே போய், புதுப் புரதங்களைச் செய்விக்கும். படம் கீறி, வெகு அழகாக விளக்கிக்கொண்டு போனேன்.

பின்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பினாள்.

"டீச்சர், அப்ப தைரொட்சினை மருந்தாக் குடுத்தா எத்தினை நாளில சுகம் தெரியும்?"

"நாளில்லை பிள்ளை, கிழமைக்கணக்கு செல்லும். புதுப் புரதம் செய்து முடிய வேணுமெல்லோ."

சொல்லி முடித்ததும் கையிலிருந்த சோக்கு அப்படியே நின்றுவிட்டது. வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம். வருடக்கணக்காகப் படிப்பித்த பாடத்தை என் சொந்த உடம்புக்கு அந்த ஆறு நாளில் ஒருதரம்கூட நான் பொருத்திப் பார்க்கவில்லை.

அதிபர் அந்தக் கடிதத்தைக் காணவேயில்லை. அறைக்கு வந்து, கதிரையில் ஏறி, தூசிக்குள் தடவிப் போத்தலை எடுத்தேன். ஆறாம் கிழமை சுவெற்றரைக் கழற்றினேன். வீட்டுக்கார அம்மா பார்த்துச் சிரித்தார். காரணமில்லாத அழுகையும் நின்றுபோனது. ஆனால் கப்பல் ஊதும்போது நெஞ்சு கனப்பது மட்டும் நிற்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது, அதைச் சுமக்க இப்போது உடம்பில் பலமும் இருந்தது.

இன்றும் விடிய வெறுவயிற்றில் குளிசையை விழுங்கும்போதெல்லாம், எது நோய், எது தனிமை என்று எனக்குப் பிரித்துக் காட்டிய அந்தப் பிள்ளையை நினைக்கிறேன். தான் என்னைக் காப்பாற்றியது அவளுக்குத் தெரியவே தெரியாது.