பாய்லர் புகையும் சாயத் தண்ணீரும்

தொண்ணூறுகளின் நடுவில் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறையில் நான் கெமிஸ்ட். அப்படி நான்தான் சொல்லிக்கொள்வேன். முதலாளிக்கு நான் வெறும் "லேப் பொண்ணு". அதில் எனக்குத் தீராத எரிச்சல்.

சாயத் தொட்டியிலிருந்து வெளியேறும் உப்புத் தண்ணீரில் காரம் அதிகம். அதை அடக்க ஆசிட் ஊற்றுவார்கள். ஊற்றுவது பாய்லர்க்காரரின் மனைவி. ஒருநாள் கேன் சரிந்து அவருடைய வலது கை முழங்கை வரை வெந்துபோனது. ஆறியதும் அதே வேலைக்கு வந்து நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

பாய்லர் புகையில் உள்ள கரியமில வாயுவைத் தண்ணீருக்குள் செலுத்தினால் உப்பு போகாது, ஆனால் காரம் அடங்கும். முதலாளியிடம் சொன்னேன்.

"புகைய உட்டுத் தண்ணியக் கழுவறதுங்களா அம்மணி?" என்று சிரித்தார்.

நான் விடுவேனா? பழைய பைப்பும் புகையை ஊதித் தள்ள ஒரு புளோயரும் கேட்டு வாங்கினேன். பாய்லர்க்காரரும் நானுமாகப் புகையைக் குளிரவைத்துத் தொட்டிக்குள் குமிழ்விட்டோம். ஒரு வாரம் நன்றாகவே வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து சோதனைக்கு வரும் அதிகாரி சரியென்றால் இது நிலைக்கும், இல்லாவிட்டால் மறுநாளே ஆசிட் வண்டி வரும் என்றார் முதலாளி.

அதிகாரி வந்த அன்று குமிழ் வந்தது. காரம் அடங்கினால் பச்சையாக வேண்டிய சோதனைக் காகிதம் மட்டும் கருநீலத்திலேயே நின்றது. பாய்லர் அறைக்கு ஓடினேன். அடுப்பில் தணல்தான் கிடந்தது. பாய்லர்க்காரர் வெள்ளை வேட்டி கட்டி நின்றார்.

"ஏனுங்கண்ணா, நெருப்பு எங்கீங்க?"

"ஆபீசர் வாராருங்கம்மணி. சிம்னில புகை தெரிஞ்சா நமக்கு மரியாதைங்களா? அதான் வெறக வெளிய இழுத்துப்போட்டேனுங்க."

"அந்தப் புகைதானுங்க நமக்கு மருந்தே!" என்று கத்தினேன். கோபத்திலும் 'ங்க' விட்டுப்போகவில்லை.

அவர் மனைவி விறகை அள்ளிவந்து அடுப்பில் திணித்தார். முதலாளி அதிகாரியை இளநீர் கொடுத்து உட்காரவைத்தார். முக்கால் மணி நேரத்தில் காகிதம் பச்சைக்குத் திரும்பியது. அதிகாரி இரண்டு தடவை நனைத்துப் பார்த்துவிட்டு, சரிதான் என்று எழுதிக்கொண்டு, யார் செய்தது என்று கேட்டார்.

"எங்க கெமிஸ்ட்டுங்க" என்றார் முதலாளி. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்றும் அந்தப் பெருமை குறையவில்லை.

எல்லோரும் போனபின் பாய்லர்க்காரரின் மனைவி தொட்டியருகே வந்தார்.

"நாளைக்கு ஆசிட் வருதுங்களா?"

"இனி வராதுங்கக்கா."

அவர் வெந்த கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"எரியலீங்க கண்ணு" என்றார்.