தேசப் பாதுகாப்புக்கு நாலு லாரி

தலைநகரில் ஒருவர் ஒரே வரியில் கொள்கை எழுதிவிடுவார். அதற்கு லாரியும் சோறும் கக்கூஸும் தேடி அலைவதுதான் ராணுவத்தில் எங்கள் திட்டப் பிரிவின் தொழில். மேலிடத்து வாக்குறுதியைக் கீழே நின்று காப்பாற்றும் அத்தனை பேருக்கும் என் வயிற்றெரிச்சல் புரியும்.

எனக்கு வந்த வரி: 'எந்த நெருக்கடியிலும் மக்கள் பாதுகாக்கப்படுவர்.' நான் சிப்பாயாகச் சேர்ந்து, முட்டி மோதி கேப்டன் ஆனவன். வெள்ளமோ எல்லைத் தகராறோ வந்தால், சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் ஜனங்களைச் சுங்கைப் பட்டாணி டவுனில் தங்கவைக்க வேண்டும். ஓரிரவு ஒத்திகை. கர்னல் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் திட்டம் பிழைக்கும். இல்லையென்றால் அது குப்பைக்கு, நான் ஸ்டோருக்கு.

லாரி

பத்து கேட்டேன். போக்குவரத்து சார்ஜென்ட் ராஜு இரண்டு என்றார். மேசையைக் குத்தினேன், மேலிடத்தை இழுத்தேன். நாலில் வந்து நின்றது.

"கத்தி மூச்சை வீணாக்காதீங்க சார். நாலுல ஒண்ணு தள்ளினாத்தான் ஸ்டார்ட் ஆகும்."

சோறு

சுங்கைப் பட்டாணியில் உணவுக்கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் போனேன். தகவல் வந்த ஒரு மணி நேரத்தில் தோட்டமே சாப்பிட வேண்டும் என்றேன். என்றைக்கு என்றார். அது ராணுவ ரகசியம் என்று முறைத்தேன்.

"ரகசியமாவே வெச்சுக்குங்க லா. அடுப்புக்கு மட்டும் முந்தின நாளே சொல்லிடுங்க."

இடம்

ஊரில் பெரிய கூரை கல்யாண மண்டபம்தான். எந்தத் தேதி கேட்டாலும் அங்கே யாருக்கோ முகூர்த்தம். "நாட்டுக்கு ஆபத்துன்னா என்னய்யா செய்வே?" என்று எகிறினேன். மண்டபக்காரர் அசையவில்லை.

"மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கண்ணே. ஆடி மாசம்னா மண்டபம் காலி. சண்டைய அப்ப வெச்சுக்கலாமே."

ஒத்திகை

ஆடியிலேயே தேதி குறித்தேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. நான் மாதா கோயில் ஆள். ஆடியில் மாரியம்மன் கோயிலில் என்ன நடக்கும் என்று விசாரிக்கத் தோன்றவில்லை.

லாரிகள் போய் நின்றன. ஒரு குஞ்சும் ஏறவில்லை. கர்னல் கடிகாரத்தைப் பார்த்தார். கோயில் கமிட்டி லெட்சுமி அக்கா கையிலிருந்த மஞ்சள் கயிற்றைத் தூக்கிக் காட்டினார்.

"தீமிதிக்குக் காப்பு கட்டியாச்சு தம்பி. முடியற வரைக்கும் தோட்டத்தை விட்டு வெளியில ராத்தங்கக் கூடாது. உங்க எதிரிய ஆவணியில வரச் சொல்லுங்க."

பேரம்

கத்திப் பார்த்தேன். ஆத்தாவுக்கு முன்னால் கேப்டன் எம்மாத்திரம்? பேரத்தில் இறங்கினேன். தோட்டத்துக்குள்ளேயே மேட்டில் தமிழ்ப்பள்ளி இருக்கிறதே, அங்கே வருவீர்களா? "வர்றோம். கவுச்சி கூடாது," என்றார் அக்கா. "பருப்பு சாம்பார்?" "அப்பளமும்."

தலையாட்டினேன். கால் மணி நேரத்தில் தோட்டமே பாயும் தலையணையுமாக நடந்தே பள்ளிக்கு வந்து சேர்ந்தது. கர்னல் திட்டத்தில் 'மண்டபம்' என்பதை அடித்துப் 'பள்ளி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே மலாயில் கேட்டார்:

"கேப்டன், இது ராணுவத் திட்டமா, கோயில் கமிட்டித் தீர்மானமா?"

நாட்டைக் காப்பாற்ற வரைபடம் போதும் என்றிருந்தேன். இப்போது அதன் பக்கத்திலேயே பஞ்சாங்கமும் கிடக்கிறது, மாதா என்னை மன்னிக்கட்டும்.