என் சைக்கிளில் அத்தை மகள்

என் சைக்கிளின் சீட்டை அப்பா ஓர் அங்குலம் உயர்த்திய காலையை நான் மறக்கவே மாட்டேன். எனக்காக உயர்த்தியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன். உயர்த்தியது அத்தை மகளுக்காக.

அப்போது எனக்குப் பதினோரு வயது. ரங்கூனில் அலோன் பக்கம், கப்பல் சரக்கு இறங்குகிற கிட்டங்கிகளுக்குப் பின்னால் குடியிருந்தோம். அப்பாவுக்கு அந்தக் கிட்டங்கி ஒன்றில்தான் வேலை. அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, ஒரு பாண்டிச்சேரிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு பிரான்சுக்குப் போனவள். அந்த டிசம்பர் லீவுக்கு மகளோடு வந்திருந்தாள். மகளுக்கு என்னைவிட மூன்றே மாதம் மூப்பு. அந்த மூன்று மாதத்துக்காக அவளை நான் மதினி என்று கூப்பிட வேண்டும் என்று வந்த அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது.

வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். போனை எடுத்து, கோடையில் அப்பா அம்மாவோடு சைக்கிளில் ஊர் சுற்றிய படங்களைக் காட்ட ஆரம்பித்தாள். ஒரு வாய்க்கால், அதன் கரையில் வகிடு எடுத்த மாதிரி நேராக ஒரு பாதை, இரண்டு பக்கமும் மரங்கள். சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இரு புறமும் பை. அவள் பையிலிருந்து அவள் உயரத்துக்கு ஒரு ரொட்டி நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது நாள் போனார்களாம். அவசரமே கிடையாதாம். தூரத்தில் மாதாகோயில் கோபுரம் தெரிந்தால் அங்கே ஒரு ஊர் இருக்கிறது என்று அர்த்தமாம். போய் இறங்கினால் ரொட்டிக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருப்பாராம். திறக்கிற வரைக்கும் இவர்கள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்களாம்.

"மேடு பள்ளம் ஒண்ணும் இல்லையாம்மா?" என்று கேட்டார் அப்பா.

"பாய் விரிச்ச மாதிரி இருக்கும் மாமா. மிதிக்கிறதே தெரியாது."

அவள் தமிழ் அப்படி. வெள்ளைக்காரன் தேசத்தில் பிறந்தவள் வாயில் பாண்டிச்சேரித் தமிழ் துவைத்துக் காயப்போட்ட துணி போல இருந்தது. நான் வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு இரண்டு பர்மா வார்த்தை விழும். அதுவும் எனக்கு ஆத்திரம்தான்.

அப்பா அந்தப் படங்களை என் பரீட்சைப் பேப்பரைக்கூடப் பார்க்காத அக்கறையோடு பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு, "நம்ம கியாக்தான் பக்கமும் இப்படித்தான். போவோமா?" என்றார்.

ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பழைய சைக்கிள்களில் ஒன்றை, முன்னால் கூடை வைத்த சிவப்புச் சைக்கிளை, எனக்கு வாங்கிக் கொடுத்த அன்று அப்பா சொன்ன ஊர் கியாக்தான். ஆற்று நடுவில் தீவு, தீவில் பகோடா, சைக்கிளிலேயே போய்ப் பார்க்கலாம் என்றார். இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் கேட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கப்பல் வந்துவிடும். "சொந்தமா கப்பல் இருக்கிறவன்கூட இவ்வளவு கவலைப்பட மாட்டான்" என்பாள் அம்மா. அந்த மனிதர் மறுநாளே லீவு சொல்லிவிட்டார்.

வீட்டில் இருந்தது இரண்டு சைக்கிள். விருந்தாளிக்கு என்னுடையது. எனக்கு அப்பாவின் கேரியர், மடியில் சாப்பாட்டுத் தூக்கு. சைக்கிள்கள் இரண்டையும் லைன் கார் என்கிற ஊர் பஸ்ஸின் கூரையில் ஏற்றிப் பாலம் தாண்டி, தன்லினில் இறங்கினோம். அம்மா எங்கள் இருவர் கன்னத்திலும் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, என் பூப்போட்ட லுங்கிகளில் புதியதை அவளுக்கும் பழையதை எனக்கும் கட்டிவிட்டிருந்தாள். முதல் நாள் அத்தை மகள் என் அப்பாவிடம் ஒன்று கேட்டிருந்தாள். தீவுக்குப் போக வெளிநாட்டுக்காரர்களுக்குத் தனிப் படகு. அது வேண்டாம், எல்லோரும் போகிற படகில்தான் நானும் வருவேன் என்றாள். அப்பா யோசித்துவிட்டு, துறையில் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றார்.

அறுத்து முடித்த வயல்கள். நிஜமாகவே பாய் விரித்த மாதிரிதான் இருந்தது. அவள் முன்னால் போனாள். என் மணியை அவள் அடித்தாள். என் கூடையில் அவள் தொப்பி. "பாருங்க மாமா, கொக்கு" என்பாள், அப்பா மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். அதே கொக்கை நான் முன்பே பார்த்துவிட்டேன். யாரிடம் சொல்வது? எனக்கு முன்னால் அப்பாவின் முதுகு மட்டும்தான் இருந்தது.

வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பானை வைத்திருந்த ஒரு மர நிழலில் இறங்கினோம். பானைகளை நிரப்பிக்கொண்டிருந்த பர்மாக்கார அம்மாள் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்து, இரண்டும் உங்கள் பெண்களா என்று கேட்டாள். அப்பா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஆமாம், ரெண்டும் என் பிள்ளைங்கதான்" என்று பர்மாவில் சொன்னார். அத்தை மகளுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சைக்கிள் போனது, லுங்கி போனது, இப்போது அப்பாவிலும் பாதி போய்விட்டது.

கியாக்தான் துறையில் படகேற்றிவிடுகிறவன் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான். வெற்றிலை குதப்புகிற இளவட்டம். அப்பா சைக்கிள்களைச் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தார், அவள் பக்கத்தில் நின்றாள். நான் மேஜையருகே போய்ப் பர்மாவில், தாழ்ந்த குரலில் சொன்னேன்: "எங்களோட ஒரு வெளிநாட்டுக்காரி இருக்கா."

அதற்குள் அவர்களும் வந்துவிட்டார்கள். அவன் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மறுபடியும் அவளைப் பார்த்தான்.

"யாரு, நீயா?" என்றான் என்னிடம்.

"நான் இந்த ஊர்."

"கலா பொண்ணு ரெண்டு நிக்குது. நான் எதைன்னு கண்டுபிடிக்கிறது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கலா என்பது இந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்களை அங்கே கூப்பிடுகிற வார்த்தை. சொல்லுகிற வாயைப் பொறுத்து அதன் ருசி மாறும். "நான் அலோன்ல பொறந்தேன்" என்றேன். "அவளும் அதைத்தான் சொல்லுவா" என்றான். இன்னும் சிரிப்பு. அவன் கெட்டவன் இல்லை, பொழுது போகாமல் இருந்தவன்.

அப்பாவும் சிரித்தார். சட்டைப்பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவனை "ஆக்கோ" என்று, அண்ணன் என்று கூப்பிட்டார். குழந்தைகள் ஆக்கோ, மன்னிச்சுக்கங்க ஆக்கோ என்றார். வீட்டில் நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை. பிறகு அத்தை மகளின் தோளில் கை வைத்து, "இவ" என்றார்.

அவளைத் தனிப் படகில் ஏற்றினார்கள். வெளிநாட்டுச் சிறுமி தனியாகப் போகக் கூடாது என்று அப்பாவும் கூடப் போக வேண்டியதாயிற்று. கூரை போட்ட படகு, உட்கார நாற்காலி. நான் பூக்கூடைப் பெண்களுக்கு நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு போனேன். செய்த காரியத்தின் பலன் இப்படியா விடியும் என்று ஆற்றைப் பார்த்து வாய்க்குள்ளேயே திட்டினேன்.

தீவில் கெளுத்தி மீன்களுக்குப் பொரியுருண்டை போட்டோம். அவள் தன்னுடையதில் பாதியைப் பிட்டு என்னிடம் தந்தாள். அப்பா தள்ளி நின்றார்.

"எப்படிக் கண்டுபிடிச்சாரு?" என்றாள். "நான் பேசவே இல்லையே."

நான் மீனைப் பார்த்தேன்.

"அங்கயும் இப்படித்தான். நான் பேசுறதுக்கு முன்னாடியே நீ எந்த நாடுன்னு கேப்பாங்க. அந்த ரொட்டிக் கடையிலகூடக் கேட்டாங்க." பொரியை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் உதிர்த்தாள். "இங்க கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

எனக்கு வந்தது இரக்கம் இல்லை. அவளுக்கு என் மேல் சந்தேகம் வரவில்லையே என்ற நிம்மதி. அதோடு, அந்த வாய்க்காலும் மரங்களும் ரொட்டியும் அவளுக்கு முழுசாகச் சொந்தமில்லை என்று ஒரு சந்தோஷம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. திரும்பும்போது என் சைக்கிளை என்னிடமே கொடுத்தார். அத்தை மகள் அப்பாவின் கேரியரில் உட்கார்ந்தாள். சீட்டு எனக்கு உயரம், கால் சரியாக எட்டவில்லை. ஆனாலும் மணியடித்துக்கொண்டு முன்னால் போனேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைப்பு. கொக்குகள் இருந்தன, நானே கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா 'ம்' என்று மட்டும் சொன்னார். தன்லின் வரும்வரை அவர் வயல்களின் பக்கம் திரும்பவே இல்லை. மிதித்த களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

அத்தனை பேர் எதிரில் இரண்டு பெண்களை நிறுத்தி வைத்தும், எது இந்த ஊர், எது வெளியூர் என்று அந்தப் படகுக்காரனுக்குத் தெரியவில்லையே, பாவம், அவனுக்குக் கண் சரியில்லை போலிருக்கிறது என்றுதான் வெகு நாள் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.