தொப்பியில் விழுந்த காசு

மாமா எங்களோடு டண்டினோங் வீட்டில் இருந்த காலத்தில் அம்மாவுக்குக் காசு என்றாலே பயம். எங்கள் காசு அல்ல, மாமாவின் கைக்கு வந்துவிடக்கூடிய காசு. மாமா அம்மாவின் ஒரே தம்பி. அகதியாகப் படகில் இந்த நாட்டுக்கு வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டவர். அந்த விசாவில் வேலை செய்யக் கூடாது. செய்தது தெரிந்தால் திரும்பவும் முகாம். அங்கிருந்து எங்கே அனுப்புவார்கள் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எது வேலை, எது வேலை இல்லை என்பதுதான் சிக்கல். சந்தேகம் வந்தால் அம்மா எல்லாவற்றையும் வேலை என்றே எடுத்துக்கொள்வார். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கிழவருக்கு மாமா சோபா தூக்கிக் கொடுத்தார். கிழவர் அன்போடு ஒரு பை நிறையத் தேசிக்காய் தந்தார். அம்மா பதறியடித்துக்கொண்டு என்னையும் கூட்டிப் போய், எங்கள் வீட்டில் ஒருவருக்கும் புளிப்பு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கும் எங்கள் வீட்டில் மீன் புளிக்குழம்புதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா வெளியாட்களிடம் காசு வாங்கக் கூடாது என்பது மட்டும்தான் எனக்குச் சொல்லப்பட்டது. ஏன் என்று கேட்டால், "வாங்கக் கூடாதெண்டால் வாங்கக் கூடாது, நீ போய்ப் படி" என்பார் அம்மா. காரணத்தை நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு மாமாவே வழி செய்து தந்தார்.

மாமா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குச் சுழற்பந்து போட்டவர். அப்பாவோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர் எங்கள் பக்கத்து கிரிக்கெட் கழகத்தின் கடைசி அணியில் விளையாடுவார். அந்த அணிக்கு எப்போதும் ஆள் காணாது. மாமாவை அனுப்புகிறீர்களா என்று அவர் கேட்டதும் அப்பா முதலில் மாமாவின் விசா வழக்கைப் பார்த்த லோயருக்குத்தான் போன் போட்டார். காசு வாங்காமல் விளையாடினால் அது வேலையே இல்லை, அவர் ஒரு அமெச்சூர், என்று லோயர் சிரித்தாராம். அமெச்சூர் என்ற சொல் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, குடும்பத்தில் ஒரு ஆள் போலவே தங்கிவிட்டது.

அமெச்சூர் என்றால் யார் என்று குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டே மாமா எனக்குக் கதை சொன்னார். விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்தில் காசுக்கு விளையாடுகிறவர்கள் ஒரு சாதி, காசைத் தொடாமல் விளையாடுகிறவர்கள் இன்னொரு சாதியாம். காசு வாங்காத கனவான்களுக்கு மைதானத்துக்குள் வர வாசலே வேறு, உடை மாற்ற அறையும் வேறு. பெயருக்கு முன்னால் மிஸ்டர் போட்டுத்தான் அவர்களைக் கூப்பிட வேண்டும். "நானும் அந்த ஆக்களிலை ஒராள் பிள்ளை" என்றார் மாமா, கையில் சோப்பு நுரையோடு. நான் அப்படியே நம்பினேன். பல நாள் அவரை மிஸ்டர் மாமா என்றுதான் கூப்பிட்டேன்.

சனிக்கிழமைகளில் அப்பா எங்களை மைதானத்துக்குக் கூட்டிப் போவார். மாமாவுக்கான சந்தாவை அப்பா கட்டினார். வெள்ளை உடுப்பை அம்மா ஸ்திரி போட்டுத் தருவார். மாமாவுக்கு யாரும் எதுவும் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது என்னுடைய பொறுப்பு. ஆட்டம் முடிந்ததும் கழகத்தில் சொசேஜ் சுட்டுக் கொடுப்பார்கள். சொசேஜ் சம்பளத்தில் சேருமா என்று அம்மாவுக்குச் சந்தேகம் இருந்தபடியால் மாமாவின் பங்கையும் நான்தான் சாப்பிட்டேன். அந்தக் கோடையில் நான் நன்றாகக் கொழுத்தேன்.

மார்ச் மாதத்து ஆட்டம் ஒன்றில் மாமா ஐந்து விக்கெட் எடுத்தார். ஐந்தாவது ஆள் நல்ல உயரமான தாடிக்காரன். பந்து எங்கே திரும்பியது என்று நிலத்தையே பார்த்துக்கொண்டு போனான். எல்லோரும் மாமாவின் தலையைத் தடவினார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இங்கே சின்னக் கழகங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஐந்து விக்கெட் எடுத்தால் யாராவது தன் தொப்பியைக் கழற்றிச் சுற்றிலும் அனுப்புவார்கள். இருக்கிறவர்கள் எல்லோரும் சில்லறை போடுவார்கள். எங்களுக்கு அது தெரியாது. மாமா எல்லைக் கோட்டைத் தாண்டி வந்தபோது கப்டன், பெரிய வயிறும் நல்ல மனசும் உள்ள மனிதர், நிறைந்த தொப்பியை மாமாவின் கைகளில் வைத்தார். யாரோ கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று மாமா அதற்குப் பிறகுதான் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நோ, நோ" என்று தொப்பியைப் புல்லில் வைத்துவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் காரில் போய் ஏறிக்கொண்டார். கூச்சப்படுகிறார் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். கப்டன் காசை ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டி, மாமாவிடம் கொடு என்று என் கையில் திணித்தார். அப்பா காரைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் பையோடு ஓடிப்போய் ஏறினேன். வளைவுகளில் அது குலுங்கிய சத்தம் மட்டும்தான் வீடு வரைக்கும் கேட்டது.

அம்மா கதவடியிலேயே எங்களை மறித்தார்.

"உதை உள்ளுக்குக் கொண்டு வராதை" என்று என் கையில் இருந்த பையைப் பார்த்துச் சொன்னார். பிறகு மாமாவிடம் திரும்பி, "தம்பி, நீ தொட்டனியோ?"

"தொப்பியைத்தான் அக்கா பிடிச்சனான். காசைத் தொடேல்லை."

"ஆரும் படம் எடுத்தவையோ?"

அப்பா போனைத் தேய்த்துப் பார்த்தார். கழகத்தின் பேஸ்புக் பக்கத்தில் மாமா காசுத் தொப்பியை ஏந்திக்கொண்டு நின்றார், முகம் முழுக்கச் சிரிப்போடு. கையும் களவுமாக என்பார்களே, அதேதான். லோயர் போன் எடுக்கவில்லை. சனி, ஞாயிறு அவர் எடுப்பதில்லை. காசைக் கேரம் டவுன்ஸ் கோயில் உண்டியலில் போட்டுவிடலாம் என்றார் அப்பா. சுவாமி ரசீது தருவாரா, திருப்பிக் கொடுத்ததற்கு ஆர் சாட்சி என்று கேட்டார் அம்மா. பை கராஜுக்குள்ளே பழைய டயருக்குப் பக்கத்தில் கிடந்தது. வீதியில் ஒவ்வொரு கார் வேகம் குறையும்போதும் அம்மா யன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். மாமா உடுப்பை மாற்றி, தன் சாமான்களை எல்லாம் ஒரு பைக்குள் அடுக்கி வைத்துவிட்டு இருந்தார். காசைத் தொட்டுவிட்டதால் அமெச்சூர்கள் அவரைத் தங்கள் கூட்டத்தில் இருந்து நீக்கிவிடுவார்கள், அதுதான் பயப்படுகிறார், என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை குடும்பமாகக் கப்டன் வீட்டுக்குப் போனோம். கோயிலுக்குப் போகிற உடுப்பு, ஒரு தட்டு நிறைய மரக்கறி ரோல்ஸ், காசுப் பை. அப்பா தன் தொழிற்சாலை ஆங்கிலத்தில், மிகவும் நன்றி, ஆனால் இந்தக் காசு எங்களுக்குச் சரிவராது என்றார். கப்டனின் முகம் சிவந்துபோனது. மாமாவின் பந்துவீச்சுக்கு அது குறைவு என்று சொல்ல வந்திருக்கிறோம் என்று அவர் விளங்கிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளே போய்த் தன் பர்ஸை எடுத்து வந்து, ஐம்பது டொலர் தாள் ஒன்றை உருவி அந்தப் பைக்குள் போட்டார்.

அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஐயோ, கூட்டிப்போட்டாரே" என்றார், தமிழில்.

இனிப் பொறுக்க முடியாது என்று நான் முன்னால் போய் ஆங்கிலத்தில் விளக்கினேன். என் மாமா ஒரு அமெச்சூர். அமெச்சூர்கள் காசு வாங்கினால் அவர்களைப் பிறகு வைத்திருக்க மாட்டார்கள். அந்தப் படமும் இருக்கக் கூடாது.

கப்டன் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற மாமாவைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனை எடுத்துப் படத்தை அழித்து, அழிந்துபோன இடத்தை அம்மாவிடம் காட்டினார். காசைச் சின்னப் பிள்ளைகளின் அணிக்குப் பந்து வாங்க வைத்துக்கொள்வதாகச் சொல்லி, கேட்காமலே ஒரு துண்டில் அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். அம்மா வாசல் படியிலேயே இருந்துவிட்டார். கப்டன் பக்கத்தில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டார். உறைப்பு தாங்காமல் அவருக்கும் கண்ணில் தண்ணீர்.

திங்கட்கிழமை லோயரிடம் கேட்டபோது, இதற்கெல்லாமா பயந்தீர்கள் என்று கடிந்துகொண்டாராம். ஆனாலும் அம்மா அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், மாமா நாலு விக்கெட்டுக்கு மேல் எடுத்துவிடக் கூடாது என்று நேர்ந்துகொண்டார். மாமாவும் சொல் தட்டவில்லை. நாலு விழுந்ததும் கால் இழுக்கிறது என்று சொல்லிப் பந்தைக் கொடுத்துவிடுவார்.

மாமாவுக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்தபோது எனக்குப் பதினொரு வயது. மரக்கறி பொதிசெய்யும் கிடங்கில் வேலை, சனிக்கிழமையும் வேலை. கிரிக்கெட் அதோடு முடிந்தது. முதல் சம்பளத்தை வங்கியில் இருந்து எடுத்து வந்து அம்மாவின் கையில் வைத்தார். அம்மா அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு சுவாமி அறைக்குப் போனார். மாமா குசினிக் கதிரையில் இருந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

எனக்கு அவர் மேல் கோபம்தான். கடைசியில் காசுக்குப் போய்விட்டாரே என்ற கோபம். ஆனாலும் அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கிட்டப் போய்த் தோளில் கை வைத்தேன். "பரவாயில்லை மாமா. கொஞ்சக் காலம் அமெச்சூரா இருந்தனீங்கள்தானே" என்றேன்.

அவருக்கு அழுகை இன்னும் கூடியது. சுவாமி அறையில் இருந்து வந்த அம்மாவும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். இந்த வீட்டில் கிரிக்கெட்டின் அருமை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்தது பிழை, அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது, என்று நினைத்துக்கொண்டேன்.