துடுப்பு வால்

சில வருடங்களுக்கு முன், ஒரு மாசி மகத்தன்று நடந்தது இது. நானும் என் நாத்தனாரும் ஜார்ஜ்டவுனிலிருந்து தெலுக் பஹாங் கடற்கரைக்குப் போயிருந்தோம். நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. ஏறி இறங்காத கோயில் இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை.

மாலையில் அலையோரம் சின்னக் கூட்டம். எட்டிப் பார்த்தால் ஈர மணலில் ஒரு பாம்பு! சாம்பல் உடம்பில் கறுப்புப் பட்டைகள். ஒரு அம்மா மஞ்சள் தூவிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணி, நாகம்மாவே வந்திருக்கா லா. பாருங்க, எவ்ளோ சாந்தமா படுத்திருக்கா!" தொட்டு வேண்டிக்கொண்டால் மடி நிறையும் என்று பக்கத்திலிருந்தவர் வேறு தூபம் போட்டார்.

பொய் சொல்வானேன், நானும் கும்பிடத்தான் கையெடுத்தேன். அப்போதுதான் வால் கண்ணில் பட்டது. நுனி கூராக இல்லை; தட்டையாக, துடுப்புப் போல இருந்தது. 'கடற்பாம்பு நீந்த ஏதுவாக அதன் வால் தட்டையானது' என்று வருடாவருடம் வகுப்பில் எழுதிப்போட்டிருக்கிறேனே தவிர, ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. அதன் விஷம் எப்பேர்ப்பட்டது என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. அதற்குள் அவள் குனிந்து கையை நீட்டிவிட்டாள். மணிக்கட்டைப் பிடித்து நான் இழுத்த வேகத்தில் இருவரும் மணலில் விழுந்தோம்.

"விடுங்க அண்ணி! உங்களுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு, எனக்கு யாரு இருக்கா?" என்று கத்தினாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மலாய்க்காரப் படகோட்டி ஒருவர், "உலார் லாவுட்!" (கடற்பாம்பு) என்று கத்திக் கூட்டத்தை விலக்கி, துடுப்பால் அதை ஏந்தித் தண்ணீரில் விட்டார். துடுப்பும் வாலும் ஒரே அச்சு. சாந்தமாவது ஒன்றாவது! தரையில் ஊர்வதற்கான அகன்ற செதில்கள் அதன் வயிற்றில் இல்லை. நகர முடியாமல் கிடந்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் வாலை இரண்டு வீசு வீசியது, ஆளைக் காணோம்.

வீடு வரும்வரை காரில் நான் விளக்கியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. "வந்த சாமிய தொட விடலையே" என்று இன்றும் குத்திக் காட்டுவாள். அவளுக்கு இன்னும் குழந்தை இல்லை, அதனால் நானும் வாதாடுவதில்லை. வகுப்பில் அந்த வாலை வரையும்போதெல்லாம், என் பிடியில் திமிறிய அவள் கைதான் நினைவுக்கு வருகிறது. கோபம் தீராவிட்டால் போகட்டும். கோபித்துக்கொள்ள அவள் இருக்கிறாளே, எனக்கு அது போதும்.